கேரவனின் ஆறு ஜன்னல்கள்

பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு வருடம் வண்டி கழுவியவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவர் ‘ஈரத்துணி’. வயது ஏற ஏற மரியாதை கூடி ‘ஈரத்துணியார்’ ஆனார். மேலாளரே ஒருமுறை சுற்றறிக்கையில் அப்படி எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தினார் என்று சொல்வார்கள்.

பெயர் வந்த கதை சின்னது. நெடுந்தூரம் ஓடிவிட்டு வரும் வண்டிகளின் முன்கண்ணாடியில் பூச்சிகள் அப்பி, வெயிலில் காய்ந்து, சிமெண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். மற்றவர்கள் பிளேடால் சுரண்டுவார்கள், இரும்பு நாரைப் போட்டுத் தேய்ப்பார்கள். இவர் மட்டும் நாலைந்து பழைய துண்டுகளை நனைத்துக் கண்ணாடிமேல் ஒட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பார். “என்னய்யா, வண்டிக்கு ஜுரமா? நெத்தியில துணி போட்டு வச்சிருக்கே?” என்று கிண்டல் பண்ணுவார்கள். அரை மணி கழித்துத் துண்டை எடுத்தால் பூச்சியெல்லாம் துண்டோடு வந்துவிடும். கிண்டல் பண்ணியவர் இன்னும் சுரண்டிக்கொண்டிருப்பார்.

இந்தப் பொறுமை அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு சுற்றுலாப் பேருந்தின் கூரை ஜன்னலில் தார்த் துளிகள் ஒட்டியிருந்தன. அது கண்ணாடி அல்ல, கண்ணாடி மாதிரி மினுங்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக். அவருக்கு அது தெரியாது. பெயின்ட் அறையில் கிடந்த தின்னரைத் துணியில் தொட்டு ஒரே இழுப்பு இழுத்தார். தார் போய்விட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், அந்த ஜன்னல் முழுக்க மயிரிழை மயிரிழையாக விரிசல். துடைத்தாலும் போகாது, பாலிஷ் போட்டாலும் போகாது. பிளாஸ்டிக் உள்ளுக்குள்ளேயே வெடித்திருந்தது.

பழி வேறொரு ஆள்மேல் விழுந்தது. அந்த ஆளைப் பத்து நாள் சஸ்பெண்ட் பண்ணினார்கள். இவர் வாயைத் திறக்கவில்லை. புதிதாகக் கல்யாணமாகியிருந்தது, வேலை போய்விடுமோ என்று பயம். அதற்கப்புறம் எந்த ஜன்னலைத் தொடுவதற்கு முன்னும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்துக் கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரிந்துகொண்டுதான் தண்ணீரையே ஊற்றுவார்.

இந்தக் கதையை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உலகத்தில் ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவியின் அண்ணன், மச்சான்.

மச்சான் லாரி டிரைவர். ஆள் வாட்டசாட்டம், வாய் அதைவிட. உட்கார்ந்த இடத்தில் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் எழுந்திருக்க மாட்டார். ஈரத்துணியாருக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. கல்யாணத்தோடு கிடைத்த இந்த மச்சானைத்தான் அவர் கூடப்பிறந்தவராக நினைத்துக்கொண்டார். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் விடியும்வரை கூட இருந்தவர் மச்சான். வீடு மாறியபோதெல்லாம் சாமான் ஏற்றியவர் மச்சான். அப்படிப்பட்ட ஆளிடம் நெஞ்சில் கிடக்கிற முள்ளைக் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மச்சான் முதுகில் தட்டி, “விடுங்க மாப்ள, இதெல்லாம் ஒரு பாவமா? என்னோட போகட்டும்” என்றார்.

மனைவி கிட்டங்கியில் வேலை பார்த்தவள். பழம், காய்கறி, மீன் எல்லாம் உறையவைத்து அடுக்குகிற குளிர்க்கிட்டங்கி. நாலு பக்கமும் சுவர், தலைக்குமேல் குழல்விளக்கு. வெளியே மழையா வெயிலா என்பது சாப்பாட்டு மணி அடித்து வெளியே வந்தால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஜன்னலே இல்லாத அறையில் நின்றவளுக்கு, ஆசை என்று ஒன்றுதான் இருந்தது. மச்சான் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பழைய கேரவன் வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சக்கர வீடு. முன்னால் பெரிய ஜன்னல் ஒன்று, பின்னால் படுக்கையை ஒட்டி அதைவிடப் பெரியது ஒன்று, பக்கத்துக்கு இரண்டு. ஆக ஆறு ஜன்னல். ஒருதரம் அதில் ஏறிப் படுக்கையில் உட்கார்ந்து பார்த்தவள், “என்னங்க, இதுல படுத்துக்கிட்டே வானத்தப் பாக்கலாம்ங்க” என்றாள். அன்றிலிருந்து அவள் எங்கே போனாலும் அந்தப் பின்ஜன்னல் அவளுக்குள்ளேயே இருந்தது.

ஈரத்துணியார் ஓய்வு பெற்ற மாதம் மச்சான் வந்தார். “மாப்ள, நான் புது வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். பழச வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. தங்கச்சிக்கு அதுமேல எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியாதா? நீங்களே எடுத்துக்குங்க” என்றார். ஓய்வுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி அதற்குப் போனது. பழைய கார் ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தது. மகள் தொலைவில் ஓர் ஊரில் நர்ஸாக வேலை பார்த்தாள், தங்கியிருந்தது ஒற்றை அறை. அவள் வீட்டுப் பக்கத்தில் கேரவனை நிறுத்திக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கலாம், அலுத்தால் கடற்கரைப் பக்கம் போகலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் திட்டம் போட்டார்கள்.

மச்சான் ஒப்படைத்த அன்று கேரவனைப் பார்த்து ஈரத்துணியார் மலைத்துப்போனார். உடம்பெல்லாம் பளிச்சென்று இருந்தது. ஜன்னல்கள் மட்டும் கன்னங்கரேல் என்று, உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு அழுக்கு.

“போன வாரம் ரோடு போடுற இடத்துல மாட்டிக்கிட்டேன் மாப்ள. தாரும் புழுதியும் சேந்து அப்பிடுச்சு. வண்டி பாடிய நானே கழுவிட்டேன். ஜன்னல் பிளாஸ்டிக்காச்சே, அதுல நாம கை வைக்கக்கூடாது, அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரே, அவர்தான் வைக்கணும்னு விட்டுட்டேன்” என்று சொல்லிக் கையைக் கூப்பினார். எல்லாரும் சிரித்தார்கள். மச்சானின் மனைவி மட்டும் கேரவன் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முப்பத்தோரு வருட உழைப்பை வீட்டு ஆள் ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்து அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினார். கேரவனை மரத்து நிழலுக்குத் தள்ளினார், வெயிலில் சூடேறின பிளாஸ்டிக்கில் சோப்பு காய்ந்து திட்டுத் திட்டாகப் படியும் என்பதால். இரண்டு வாளி வைத்தார், ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஸ்பாஞ்சை ஒவ்வொரு இழுப்புக்கும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் சோப்பில் தோய்ப்பார். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்ட மணலே ஜன்னலைக் கீறிவிடும். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கண்ணாடி துடைக்கும் திரவம் கடையில் விற்கிறதே, அதைக் கிட்டவே கொண்டுவரவில்லை. குழாயைத் திறந்து, வேகமில்லாமல், மேலிருந்து வழியவிட்டார்.

தண்ணீர் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது.

புழுதி என்றால் தண்ணீரைக் குடிக்குமே, இது ஏன் உருட்டிவிடுகிறது என்று யோசித்தார். துண்டுகளை நனைத்துப் போட்டார். அரை மணி காத்திருந்தார். எடுத்தால் துண்டில் லேசாகப் பழுப்பு, அவ்வளவுதான். விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பழைய இஞ்சின் ஆயில் வாடை.

அப்போதுதான் தள்ளி நின்று ஆறு ஜன்னலையும் சேர்த்துப் பார்த்தார். சாலை அழுக்கு அவருக்குக் கையெழுத்து மாதிரி. முன்பக்கம் என்றால் பூச்சி இருக்கும். பின்பக்கம் என்றால் வண்டி இழுக்கிற காற்றுச் சுழலில் மாவு மாதிரி மெல்லிய தூசி அடர்த்தியாக இருக்கும். பக்க ஜன்னலில் கீழ்ப்பாதியில் அதிகம், மேலே போகப் போகக் குறைச்சல். கோடுகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இங்கே ஆறு ஜன்னலிலும் ஒரே அழுக்கு, ஒரே கனம். ஒரு பூச்சியின் இறக்கைகூட இல்லை. பக்க ஜன்னலின் கொக்கியை விடுவித்து வெளிப்பக்கம் தூக்கித் திறந்தார். மூடியிருக்கும்போது ரப்பருக்குள் புதைந்திருக்கிற விளிம்பு, காற்றே நுழையாத இடம். அங்கேயும் அழுக்கு இருந்தது. அதில் ஒரு வெள்ளை மயிர் ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தார். பெயின்ட் பிரஷ்ஷின் மயிர்.

யாரோ கையால் பூசியிருக்கிறார்கள். இருந்தாலும் மனது ஒப்பவில்லை. மச்சான் ஏதாவது பூச்சு அடித்திருப்பார், வெயிலுக்காக இருக்கும், கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு அழுக்கின் மேல் தடவி ஊறவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கை எண்ணெயே இளக்கும், பிளாஸ்டிக்குக்கும் கெடுதல் இல்லை. இளகினதை மெல்லிய பருத்தித் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுத்தார். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர். ஒரு ஜன்னலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

கடைசியாகக் கொட்டின தண்ணீரோடு கருமை வழிந்து போனதும், ஜன்னல் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை மயிரிழை மயிரிழையாக விரிசல். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் அவர் பார்த்த அதே வலை. தொட்டுப் பார்க்கவே வேண்டாம், பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்தது. இது தின்னர் செய்த வேலை.

அவர் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். மச்சான் தார்த் துளிகளைத் தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார். பாழானதும் ஆயிலும் மண்ணும் குழைத்துப் பிரஷ்ஷால் பூசி மறைத்திருக்கிறார். அது போகட்டும், அவசரத்தில் ஜன்னலைக் கெடுப்பது யாருக்கும் நடக்கும். இவர் கழுவுவார், ஆசை ஆசையாகக் கழுவுவார் என்று தெரிந்து, டாக்டர் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தாரே, அதுதான் தாங்கவில்லை.

மனைவியிடம் அன்று எதுவும் சொல்லவில்லை. மீதியாவது பிழைத்திருக்காதா என்று அடுத்த இரண்டு நாள் ஒவ்வொன்றாகக் கழுவினார். ஐந்து ஜன்னல் முடிந்தது. ஐந்தும் போயிருந்தன. ஆறாவது படுக்கைப் பக்கத்துப் பின்ஜன்னல். அதைத் தொட அவருக்குக் கை எழவில்லை. துணி ஒன்றைப் போர்த்திவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானும் அவர் மனைவியும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இலேசாகக் கேட்டுவிடலாம், தனியாகக் கேட்கலாம் என்றுதான் ஈரத்துணியார் நினைத்திருந்தார். ஆனால் மச்சான் கேரவனைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு, கை அலம்பாமலே உள்ளே வந்தார்.

“என்ன மாப்ள, ஜன்னலெல்லாம் இப்படி ஆயிடுச்சு? என்னத்தப் போட்டுத் தேச்சீங்க?”

“நானா? மச்சான், நீங்க குடுக்கும்போதே...”

“நான் குடுக்கும்போது அழுக்குதான இருந்துச்சு. எல்லாரும்தான பாத்தாங்க.” மச்சான் தங்கையின் பக்கம் திரும்பினார். குரலில் வருத்தம் சொட்டியது. “தங்கச்சி, நான் இத சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மாப்ள முன்னாடியே ஒருதரம் இதே மாதிரி பண்ணவர்தான். டெப்போல தின்னரப் போட்டு ஒரு பஸ் ஜன்னல வெடிக்க வச்சுட்டு, பழிய இன்னொரு ஆள்மேல போட்டுட்டுப் பேசாம இருந்துட்டாரு. பாவம், அவன் பத்து நாள் வேலையில்லாம நின்னான். இவரே எங்கிட்டச் சொன்னதுதான். வேணும்னா கேட்டுப் பாரு.”

மழைக்கு ஒதுங்கி நின்ற இடமும், முதுகில் தட்டின கையும் ஈரத்துணியாரின் கண்முன் வந்து போயின. என்னோட போகட்டும் என்று சொன்ன வாய்தான் இது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மனைவி அவரைப் பார்த்தாள். “நெஜமாங்க?”

“பஸ் விஷயம் நெஜம்” என்றார் அவர். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அது நான் பண்ணின தப்பு. உங்கிட்ட மறச்சதும் தப்பு. இந்த ஜன்னல் நான் பண்ணல.”

“அப்ப வேற யாரு பண்ணா? வானத்துல இருந்து வந்து பண்ணிட்டுப் போனாங்களா?” என்றார் மச்சான்.

ஈரத்துணியார் எழுந்தார். மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். இரண்டு வாளியை எடுத்தார். “பின்ஜன்னல் இன்னும் கழுவல. அப்படியேதான் இருக்கு. எல்லாரும் வாங்க. சாப்பாடு ஆறினா சுட வச்சுக்கலாம்.”

“இதென்ன மாப்ள, சின்னப்புள்ளத்தனமா...”

“வாங்க மச்சான்.”

அந்தக் குரலை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மச்சானும் வந்தார்.

மூன்று நாற்காலி போட்டு அவர்களை உட்கார வைத்தார். போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டு முதலில் எண்ணெய்ச் சீசாவை மச்சானின் மனைவியிடம் நீட்டினார். “தங்கச்சி, இது என்னன்னு மோந்து பாத்துச் சொல்லுங்க.”

“சமையல் எண்ணெய்ண்ணே.”

சோப்புத் தண்ணீரைத் தன் மனைவியிடம் காட்டினார். அவள் விரலை விட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு வேலையை ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. எண்ணெய் தடவினார், காத்திருந்தார். ஒற்றினார், அலசினார், திரும்ப ஒற்றினார். ஒரு இடத்திலும் அழுத்தவில்லை. அப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. மச்சான் இரண்டு தடவை போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். ஒரு தடவை, “எனக்கு ஒரு வேலை இருக்கு” என்று எழுந்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடிக்கவில்லை. “உக்காருங்க” என்று மட்டும் சொன்னாள். உட்கார்ந்துவிட்டார்.

உள்ளூர ஈரத்துணியார் வேண்டிக்கொண்டிருந்தார். இந்த ஒன்றாவது நன்றாக இருக்கட்டும். நான் பொய்யன் ஆனாலும் பரவாயில்லை, அவள் பார்க்க ஆசைப்பட்ட ஜன்னல் இது.

கடைசித் தண்ணீரை ஊற்றினார். ஆறிலும் மோசமாக இருந்தது அதுதான். விரிசல்கள் நடுவில் கொத்தாகக் கூடி, பால் சிந்தினாற்போல வெளுத்து நின்றன. அதன் வழியாகப் பார்த்தால் மரமும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் கலங்கலாகத் தெரிந்தது.

மச்சானின் முகத்தில் ஈயாடவில்லை. “பழைய பிளாஸ்டிக்கு, வெயில்ல தானாவே வெடிச்சிருக்கும்” என்றார்.

ஈரத்துணியார் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஜன்னல் விளிம்புகளில் எடுத்த பிரஷ் மயிர்கள் ஏழெட்டு. “இதுவும் தானா மொளச்சதா மச்சான்?”

மச்சான் எழுந்து கார் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார். அவர் மனைவி நாற்காலியிலேயே இருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேணாம் வேணாம்னு அடிச்சுக்கிட்டேன்ணே. கேக்கல” என்றாள். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். “உங்கிட்டயாச்சும் சொன்னேனே. நீயாச்சும் இந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று புரிந்து பதறினாள். ஆனால் வந்தது வந்ததுதான். வெளியே கார் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து போனாள்.

ஈரத்துணியார் ஸ்பாஞ்சைப் பிழிந்தார். திரும்பவும் பிழிந்தார். அதில் தண்ணீர் இல்லை.

“உனக்குத் தெரியுமா?”

மனைவி தரையைப் பார்த்தாள். “எல்லாம் தெரியாதுங்க. அண்ணி போன்ல சொன்னாங்க. ஒரு ஜன்னல்ல லேசா கீறல் விழுந்திருக்கு, எங்க அண்ணனே உங்ககிட்டச் சொல்லிடுவாருன்னு. சரி, ஒரு ஜன்னல்தானேன்னு இருந்துட்டேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா வேணாம்னுடுவீங்க.” அவள் குரல் உடைந்தது. “நீங்க சுத்திச் சுத்திப் பாத்து, தட்டிப் பாத்து, நாலு நாள் யோசிச்சு, வேணாம்னுடுவீங்க. எனக்கு வேணும்னு இருந்துச்சுங்க.”

அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். மச்சான் செய்தது முதுகில் குத்தினது என்றால், இது எங்கே குத்தினது என்றே அவருக்குத் தெரியவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு முன்கூட, மூன்று நாற்காலியில் ஒன்றில் தன் பக்கத்து ஆள் உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அவர் அந்த ஜன்னலை ஒற்றிக்கொண்டிருந்தார்.

“மச்சான் என்மேல பழி போட்டப்ப நீ சும்மா நின்னியே” என்றார்.

“என்ன சொல்றதுன்னு தெரியலங்க. அந்த நேரத்துல அண்ணன் பஸ் கதையச் சொன்னாரா... நீங்களும் ஒண்ண மறச்சிருக்கீங்களேன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு.”

அவர் வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். ஆறின சாப்பாட்டை இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. டீ வேணுமா, வேணாம். கதவு சாத்தியாச்சா, ஆச்சு. மச்சான் ஒருதரம் போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்கத்தான் என்று ஈரத்துணியார் ஆவலோடு எடுத்தார். மாப்ள தப்பாக நினைக்கவில்லை என்றால் பழசை மறந்துவிடலாம், குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார் மச்சான். தான் செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேரவனைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று இவர் கேட்டார். அந்தப் பணத்தில்தான் புது வண்டி வாங்கியாயிற்றே மாப்ள என்றார் அவர். ஈரத்துணியார் போனை வைத்துவிட்டார். அதன்பின் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் கேரவன் மரத்தடியில் சும்மா நின்றது. பிறகு பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்துக்குப் போய்த் தேடினார். மூன்று தடவை போனபின் ஏறக்குறைய அளவு ஒத்துவருகிற பின்ஜன்னல் ஒன்று கிடைத்தது. கீறல் இருந்தது, விரிசல் இல்லை. சட்டத்தை இழைத்து, ரப்பர் மாற்றி, இரண்டு நாள் வேலை செய்து பொருத்தினார். யாருக்காகச் செய்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மற்ற ஐந்தும் அப்படியே இருந்தன. அவற்றுக்கு வழியில்லை.

மகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். மூன்று நாள் பயணம். இரண்டாம் நாள் சாயங்காலம், கேரவன்களும் வேன்களும் நிறுத்துகிற திடல் ஒன்றில் தங்கினார்கள். பக்கத்து வண்டியில் ஒரு வாத்தியார் தம்பதி, ஓய்வு பெற்றவர்கள். வாத்தியார் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இவர்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். ஈரத்துணியார் அடியில் படுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை வாத்தியார் கவனிக்கவில்லை.

“ஏம்மா, ஜன்னலெல்லாம் இப்படி வெடிச்சுப் போயிருக்கே?” என்று மனைவியைக் கேட்டார். “உங்க வீட்டுக்காரர் கண்ட கண்ட திரவத்தப் போட்டுக் கழுவிட்டாரா? பாதிப் பேர் அப்படித்தான் கெடுத்துக்கறாங்க.”

ஈரத்துணியாரின் கை நின்றது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. வழியில் பார்த்த ஆள், நாளைக்குக் காலையில் போய்விடுவார். அவள் அப்படித்தான் சொல்லுவாள் என்று அவர் நினைத்தார்.

“இல்லீங்க” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரர் கழுவினா ஒரு கீறல் விழாது. எங்க அண்ணன் தின்னர் போட்டுக் கெடுத்தாரு. கெடுத்துட்டு மேல அழுக்கப் பூசி எங்க தலையில கட்டிட்டாரு. எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிஞ்சும் இவர்கிட்டச் சொல்லாம இருந்துட்டேன்.”

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்கே தெரிந்ததைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

ஈரத்துணியார் வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். நெஞ்சிலிருந்த கனம் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. மச்சான் இருந்த இடம் காலியாகவே இருந்தது. அதை இனி யாரும் நிரப்பப்போவதில்லை. அவள்மேல் இருந்த கோபமும் இருந்தது. ஆனால் அவளுடைய கால்கள் அங்கேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. அவர் கீழே இருக்கிறார் என்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரியும்.

“இந்தா” என்றார் அடியிலிருந்து. “அந்தப் பக்கத்துக் கட்டைய எடுத்துக் குடு.”

அவள் குனிந்து கொடுத்தாள்.